ராத்திரி டிரெயிலுக்கு ஹெல்மெட் லைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைச் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் குழுவில் இந்தச் சந்தேகங்கள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். தார்ச்சாலையில் வேலைக்குப் போய் வருபவர்களின் தேவை வேறு. இது மண்பாதை, கல், வேர், சரிவு என்று இருட்டில் ஓட்டுபவர்களுக்கானது.

"ஹேண்டில்பார்லதான் லைட் இருக்கே. தலையில எதுக்கு இன்னொண்ணு?"

ஹேண்டில்பார் விளக்கு (சுருக்கமாகப் பார் விளக்கு) முன்சக்கரம் பார்க்கும் பக்கத்தை மட்டும்தான் காட்டும். டிரெயிலில் நாம் பார்க்க வேண்டியது பல நேரம் அங்கே இருக்காது. ஒரு கொண்டை ஊசி வளைவில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் இன்னும் திரும்பவில்லை, அதனால் பார் விளக்கு வளைவுக்கு வெளியே இருக்கும் புதரை இலை இலையாகக் காட்டிக்கொண்டிருக்கும். கண் தேடுவதோ வளைவு முடியும் இடத்தை. அங்கே கும்மிருட்டு. விளக்கு தலையில் இருந்தால் தலை திரும்பிய பக்கம் வெளிச்சமும் திரும்பிவிடும்.

பாறை விளிம்பிலிருந்து குதித்து இறங்கும் இடங்களிலும் இதே கதைதான். முன்சக்கரம் விளிம்பைத் தாண்டும்வரை பார் விளக்கு வெட்டவெளியைத்தான் காட்டும், இறங்க வேண்டிய தரை அடியில் மறைந்திருக்கும். மேலே இருந்து பார்க்கும் விளக்கு அதைக் கொஞ்சம் முன்னாலேயே காட்டிவிடும். அப்புறம் டியூப் மாற்றும்போது, கழன்ற செயினை மாட்டும்போது செல்போனை வாயில் கவ்வ வேண்டியதில்லை.

"அப்படின்னா ஹெல்மெட் லைட் மட்டும் போதுமே அண்ணா?"

போதாது, காரணம் நிழல். பாதையில் ஒரு வேர் எவ்வளவு உயரம், ஒரு குழி எவ்வளவு ஆழம் என்பதை இருட்டில் நமக்குச் சொல்வது அவற்றின் நிழல்தான். பார் விளக்கு கண்ணுக்குக் கீழே தாழ்வாக இருப்பதால் வேருக்குப் பின்னால் நீளமாக நிழல் விழும், நாம் மேலே இருந்து அதைப் பார்த்துவிடுவோம். ஹெல்மெட் விளக்கோ கண்ணுக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கிறது. அது உண்டாக்கும் நிழல் ஏறக்குறைய முழுவதும் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். பாதை முழுக்க வெளிச்சம் இருக்கும், ஆனால் எல்லாம் தட்டையாகத் தெரியும். கட்டைவிரல் தடிமன் வேரும் கணுக்கால் உயரக் கல்லும் ஒன்று போலத் தோன்றும்.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் இரண்டையும் சேர்த்து வைக்கிறார்கள். பாரில் பரந்த வெளிச்சம், தலையில் குறுகிய வெளிச்சம். இரண்டில் பார் விளக்கு கூடுதல் பிரகாசமாக இருப்பது நல்லது. தலை விளக்கு அதை மிஞ்சினால் நிழல்களை அழித்துவிடும்.

"இப்போ ஒண்ணு வாங்கத்தான் காசு இருக்கு. எதை வாங்கட்டும்?"

நீங்கள் ஓட்டுவது அகலமான ஜீப் பாதை, தோட்டத்துச் சாலை என்றால் பார் விளக்கு. மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை என்றால் ஹெல்மெட் விளக்கு. தட்டையாகத் தெரிவது ஒரு தொல்லைதான், ஆனால் வளைவில் ஒன்றுமே தெரியாமல் போவது அதைவிடப் பெரிய தொல்லை. வாங்கும்போது இரண்டு இடத்திலும் மாட்டக்கூடிய மவுன்ட் (விளக்கைத் தாங்கும் பிடி) உள்ளதாகப் பாருங்கள். அடுத்த விளக்கு வாங்கும்போது முதல் விளக்கின் இடம் மாறலாம்.

"மலையேறப் போறப்போ தலையில கட்டுற ஹெட்டார்ச் இருக்கு. அதையே கட்டிக்கலாமா?"

மெதுவாக மேடேறுவதற்குச் சமாளிக்கலாம். இறக்கத்துக்கு வேண்டாம். அந்த எலாஸ்டிக் பட்டை நெற்றியைப் பிடித்துக்கொள்ளச் செய்யப்பட்டது, வழவழப்பான ஹெல்மெட்டில் நிற்காது. நாலு கல்லில் ஏறி இறங்கினால் விளக்கு மூக்குக்கு வந்துவிடும். வெளிச்சமும் நடை வேகத்துக்கு ஏற்ற மாதிரி, காலடியைச் சுற்றி மென்மையாகப் பரவுகிற வகை. முழுப் பிரகாசத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானாகக் குறைந்துகொள்ளும்.

"சரி, எத்தனை லுமென் வேணும்?"

லுமென் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. ஹெல்மெட்டுக்கு உண்மையான 600 முதல் 1000 லுமென் போதும். பாருக்கு 1000 முதல் 2000 வரை. 'உண்மையான' என்ற சொல்லை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பதிலிருந்து யோசித்தால் குழப்பம் குறையும். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். பார்த்து, புரிந்து, பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு நொடி போய்விடும். பொடிமண் பாதையில் அதற்கு மேல் நிற்க நாலு மீட்டராவது ஆகும். மொத்தம் பத்து மீட்டர். 30 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு 17 மீட்டரைத் தாண்டும், சரிவில் இன்னும் கூடும். ஆக 30 மீட்டர் தூரம் நன்றாகத் தெரிந்தால் பெரும்பாலான டிரெயிலுக்குத் தாராளம். 200 மீட்டருக்கு அப்பால் இருக்கும் மரத்தை எண்ணிப் பார்க்க நமக்கு வேலையில்லை.

"ஆன்லைன்ல 10,000 லுமென்னு ஆயிரம் ரூபாய்க்குள்ள போட்டிருக்கானே, உண்மையா?"

இல்லை. பெட்டியில் போட்ட எண்ணை நம்ப வேண்டாம், பேட்டரியைப் பாருங்கள். இந்த விளக்குகளில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்தப் பெயர். நல்ல செல்லில் 3500 மில்லி ஆம்பியர் ஹவர் அளவு கிடைக்கும். சராசரி 3.6 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 12.6 வாட் ஹவர். நல்ல எல்ஈடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லுமென் தரும். 10,000 லுமென்னுக்குச் சுமார் 80 வாட் வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு செல் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

அந்த 80 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகத்தான் வெளியேறும். அதாவது 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓட்டுவது போல. தீப்பெட்டி அளவு அலுமினிய உடம்பால் அதைத் தாங்கவே முடியாது. செல்லின் மேல் '9900 எம்ஏஎச்' (மில்லி ஆம்பியர் ஹவர்) என்று அச்சடித்திருந்தால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள். அந்த அளவில் அப்படி ஒரு செல் கிடையாது.

விலை குறைவு என்பதாலேயே எல்லாம் மோசம் என்றும் சொல்ல மாட்டேன். மேஜிக்ஷைன், ரேவ்மென் போன்ற சீன நிறுவனங்கள் ஒழுங்கான விளக்குகளை நடுத்தர விலையில் தருகின்றன. ஜெர்மனியின் லூபின், இங்கிலாந்தின் எக்ஸ்போஷர், நியூசிலாந்தின் குளோவோர்ம், அமெரிக்காவின் அவுட்பவுண்ட் எல்லாம் விலை கூடின வகை. பெயர் தெரியாத விளக்கைவிட, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 800 லுமென் எப்போதும் மேல்.

"ஸ்பாட்டா, ஃப்ளட்டா? ரெண்டுக்கும் ஒரே லுமென்தானே போட்டிருக்கு?"

ஸ்பாட் என்றால் குறுகிய வெளிச்சம், ஃப்ளட் என்றால் பரந்த வெளிச்சம். லுமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது எங்கே போய் விழுகிறது என்பதை லுமென் சொல்லாது. ஒரு திசையில் எவ்வளவு வெளிச்சம் போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. 1000 லுமென்னை 20 டிகிரி கோணத்துக்குள் சீராக அடக்கினால் சுமார் 10,000 கேண்டெலா. அதையே 40 டிகிரிக்கு விரித்தால் 2,600 அளவுதான். கோணம் இரண்டு மடங்கானால் நடுவில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 30 மீட்டரில் முதல் விளக்கு 11 லக்ஸ் (பரப்பில் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு) தரும், இரண்டாவது 3 லக்ஸ்கூடத் தராது.

ஹெல்மெட்டுக்கு ஸ்பாட்தான். ஆனால் பென்சில் மாதிரி ஒரே கோடாகப் போகும் டார்ச் வகை வேண்டாம். நடுவில் பளிச், ஓரத்தில் மெல்ல மங்கும் வகையாக இருக்க வேண்டும். கடையில் பார்க்கும்போது சுவரில் அடித்துப் பாருங்கள். நடு வட்டத்துக்கும் சுற்றியுள்ள வெளிச்சத்துக்கும் இடையே கத்தியால் வெட்டியது போல விளிம்பு தெரிந்தால், ஓட்டும்போது அந்த விளிம்பு பாதையில் ஆடிக்கொண்டே இருந்து கண்ணை அலுப்பாக்கும். இரண்டு விளக்கு வைத்திருந்தால் பரந்த வெளிச்சத்தைப் பார் விளக்கு பார்த்துக்கொள்ளும்.

"எடை எவ்வளவு வரைக்கும் பரவாயில்ல? கையில தூக்கினா லேசாத்தான் இருக்கு."

கையில் எல்லாமே லேசுதான். மவுன்ட்டோடு சேர்த்து 150 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நூறுக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் நல்லது. ஹெல்மெட்டே 300 முதல் 400 கிராம் இருக்கும். அதன் உச்சியில் இன்னொரு 200 கிராம் வைத்தால், கல்லும் மேடுமாக இறங்கும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஹெல்மெட் முன்னால் சரிந்து புருவத்தில் வந்து உட்காரும். எடையைவிட உயரம் மோசம். ஒரே எடையுள்ள இரண்டு விளக்கில் ஹெல்மெட்டோடு ஒட்டி உட்காருவதை எடுங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை: ஹெல்மெட்டில் மாட்டி, தாடைப் பட்டையைப் போட்டு, தலையை வேகமாக இடவலமாக ஆட்டுங்கள். விளக்கு தாமதித்து வந்தால் மவுன்ட் சரியில்லை. ஹெல்மெட்டே நகர்ந்தால் பின்பக்கத் திருகை இறுக்குங்கள். அதற்கப்புறமும் நகர்ந்தால் விளக்கு கனம்.

"பேட்டரி உள்ளேயே இருக்கிறதா, வயர் போட்டுப் பையில வைக்கிறதா?"

ஒன்றரை மணி நேரச் சவாரிக்கு உள்ளேயே செல் இருக்கும் விளக்கு சுலபம். வயர் இல்லை, மறக்க ஒன்றும் இல்லை. நீண்ட நேரம் முழுப் பிரகாசம் வேண்டுமானால் பேட்டரியைத் தனியாக முதுகுப்பையில் வைக்கும் வகை. தலையில் விளக்கு மட்டும், லூபின் பிகோ போன்றவற்றில் அது மிகச் சிறியதாக இருக்கும். வயர் கிளையில் மாட்டினால் தலையை இழுக்காமல் தானாகக் கழன்றுகொள்ளும் இணைப்பு இருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றும்போது பையோடு கட்டப்பட்டிருப்பதை மறந்து இழுப்பது எல்லோருக்கும் நடக்கும்.

ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்பஃபர் என்று ஒரு 24 மணி நேரப் பந்தயம் உண்டு. ஜனவரியில் நடப்பதால் அதில் சுமார் 17 மணி நேரம் இருட்டு. அங்கே வயர், கூடுதல் பேட்டரி எல்லாம் நியாயம். நம் வெள்ளிக்கிழமை மாலைச் சவாரிக்கு அந்த ஏற்பாடு வேண்டியதில்லை.

"ரெண்டு மணி நேரம் ஓடும்னு போட்டிருக்கு. முக்கால் மணி நேரத்துலயே மங்குது. ஏமாத்திட்டாங்களா?"

அவசியம் அப்படி இல்லை. கைவிளக்குகளை அளக்கும் எஃப்எல்1 என்ற தரநிலைப்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை 'ஓடும் நேரம்' என்றே கணக்கு. 1000 லுமென்னில் தொடங்கி 100 லுமென்னில் தடவிக்கொண்டிருக்கும் கடைசி நிமிடமும் அதில் சேர்த்தி. பிரகாசத்தை அளப்பதும் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள். அப்புறம் சூடாகிக் குறைந்தால் பெட்டி எண்ணில் அது வராது.

அதனால் விளம்பரத்தில் ஓடும் நேரத்தைவிட, நேரத்துக்கு எதிராக வெளிச்சம் எப்படிப் போகிறது என்ற வரைபடத்தைத் தேடுங்கள். நல்ல நிறுவனங்கள் போடும். கோடு கிடையாக ஓடிக் கடைசியில் இறங்கினால் நல்லது. சும்மா நிற்கும்போது முழுப் பிரகாசத்தில் விடாதீர்கள். ஓடும்போது படும் காற்றுதான் இதைக் குளிர்விக்கிறது. மேடேறும்போது 200 லுமென், இறக்கத்தில் முழுசாக என்று மாற்றிக்கொண்டால் ஒரு செல்லே நிறைய நேரம் வரும். மோட் மாற்றும் பொத்தான் கையுறை போட்ட விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், அந்தச் சுழற்சிக்குள் மின்னி மின்னி எரியும் மோட் இருக்கக் கூடாது. இறக்கத்தின் நடுவில் அது வந்தால் பாதை துண்டு துண்டாகத்தான் தெரியும்.

"எங்கே மாட்டணும்? எந்தக் கோணத்துல வைக்கணும்?"

ஹெல்மெட்டின் நடுவில், முன்பக்கம் அல்லது உச்சியில். முன்னால் வைத்தால் வைசரில் (ஹெல்மெட்டின் முன்பக்க மறைப்பில்) வெளிச்சம் பட்டுக் கண்ணுக்குத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள்.

கோணத்தை நிமிர்ந்து நின்றுகொண்டு சரிசெய்தால் தப்பாகும். சைக்கிளில் ஏறி, பெடலில் எழுந்து நின்று, இறக்கத்தில் இருப்பது போல முழங்கையை மடக்கிக்கொள்ளுங்கள். அப்படி இருந்தபடி இயல்பாக எங்கே பார்ப்பீர்களோ, அதாவது 15 மீட்டர் வாக்கில், வெளிச்சத்தின் நடு அங்கே அல்லது ஒரு துளி மேலே விழ வேண்டும். கீழே வைத்துவிட்டால் தெரிவதற்காகத் தாடையைத் தூக்கிக்கொண்டே ஓட்டுவீர்கள், மறுநாள் கழுத்து பேசும்.

"விழுந்தா லைட்டு மண்டையில குத்தாதா?"

நியாயமான பயம். ஹெல்மெட் தரையில் சறுக்கிப் போக வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருப்பது எதிலாவது மாட்டினால் தலையைத் திருகிவிடும். அதனால் அடி பட்டால் கழன்றுவிடும் மவுன்ட்தான் வேண்டும். வெல்க்ரோ பட்டை, காந்தம், உடையும்படி செய்த பிளாஸ்டிக் பிடி எல்லாம் சரி. ஹெல்மெட்டில் துளை போடாதீர்கள், கண்ட பசையைத் தடவாதீர்கள். சில பசைகள் ஹெல்மெட்டின் மேலோட்டையும் உள்ளே இருக்கும் நுரையையும் அரித்துவிடும்.

மிப்ஸ் உள்ள ஹெல்மெட் என்றால் இன்னொன்று. உள்ளே இருக்கும் மெல்லிய தகடு மோதலில் 10 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்து சுழற்சி அடியைத் தணிப்பதுதான் அதன் வேலை. பட்டையைத் தகட்டோடு சேர்த்துச் சுற்றி இறுக்கினால் அந்த நகர்வு தடைபடும். காற்றுத் துளை வழியாகப் பட்டையை நுரையைச் சுற்றி மட்டும் கொண்டுவாருங்கள், தகட்டை விட்டுவிடுங்கள்.

"மழையில ஓட்டலாமா? மூடுபனியில எதுவுமே தெரியல."

விளக்கு எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பதை ஐபிஎக்ஸ் எண் சொல்லும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிப்பைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும், சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி ஒழுங்காக மூடியிருக்கும்வரை.

மூடுபனி வேறு விஷயம். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கின் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பும். வெள்ளைச் சுவர்தான் தெரியும். பிரகாசத்தைக் கூட்டினால் சுவரும் கூடும். ஹெல்மெட் விளக்கை அணைத்துவிட்டு, தாழ இருக்கும் பார் விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். முன்னால் போகிறவர் கிளப்பும் புழுதிக்கும் இதே வைத்தியம். குளிரில் மேடேறும்போது சொந்த மூச்சுக்காற்றே இப்படிச் செய்யும்.

"பூச்சியெல்லாம் மூஞ்சிக்கே வருதே அண்ணா?"

நம் ஊரில் இது பெரிய தொல்லை, வெளிநாட்டு விமர்சனங்களில் யாரும் எழுதுவதில்லை. நெற்றியில் விளக்கு எரிந்தால் பூச்சிக்கு முகவரி உங்கள் முகம்தான். முதல் மழைக்கு அப்புறம் ஈசல் கிளம்பும் மாலைகளில் வாயைத் திறக்கவே முடியாது. நிறமில்லாத கண்ணாடி கட்டாயம் போடுங்கள். நின்று பேசும்போது தலை விளக்கை அணைத்துப் பார் விளக்கைக் குறைவாக எரிய விடுங்கள், கூட்டம் அங்கே போய்விடும். மஞ்சள் கலந்த 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வகைக்கு, நீலம் தூக்கலான 6500 கெல்வினைவிடப் பூச்சி கொஞ்சம் குறைவாக வரும். மண்ணின் நிற வித்தியாசமும் அதில் நன்றாகத் தெரிவதாக எனக்குப் படுகிறது.

"குரூப்பா போனா, என் வெளிச்சம் முன்னால போறவருக்குத் தொந்தரவா இருக்குன்னு திட்டுறார்."

அவர் சொல்வது சரி. பின்னாலிருந்து உயரத்தில் அடிக்கும் உங்கள் விளக்கு அவருடைய நிழலையே அவர் பாதையில் கறுப்பாக விழ வைக்கிறது. வளைவுக்கு வளைவு அந்த நிழல் இடம் மாறும்போது அவருக்குக் குழி எது நிழல் எது என்று தெரியாது. இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது தலை விளக்கைக் குறையுங்கள். அதிக வெளிச்சம் உள்ளவர் முன்னால் போவது நல்ல ஏற்பாடு.

எதிரே ஆள் வந்தால் முகத்தைப் பார்க்கும் பழக்கம் நமக்கு. ஹெல்மெட் விளக்கோடு அப்படிப் பார்த்தால் அவர் கண்ணில் நேராக அடிப்பீர்கள். இருட்டுக்கு முழுதாகப் பழக கண்ணுக்கு அரை மணி நேரம் வரை ஆகும், அந்தப் பழக்கம் போக ஒரு நொடி போதும். தலையைத் தரைப் பக்கம் திருப்புங்கள், நின்று பேசுவதானால் அணையுங்கள். பொதுச்சாலைக்கு வந்ததும் ஹெல்மெட் விளக்கு வேண்டாம்.

"நல்ல லைட் வாங்கியாச்சு. நீலகிரி, சத்தியமங்கலம் பக்கம் ராத்திரி போகலாமா?"

காட்டுக்குள் வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். முதுமலை, பந்திப்பூர் சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்கே தடை உண்டு, பண்ணாரி–திம்பம் சாலையிலும் 2022 முதல் இரவுத் தடை இருக்கிறது. யானையும் காட்டெருமையும் நடமாடும் நேரம் அது. முதல் கேள்வியில் சொன்ன அந்தக் கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் யானை நின்றால், 30 மீட்டர் வெளிச்சம் உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது. கண்ணில் வெளிச்சம் பட்டால் அது மிரளவும் செய்யும்.

உரிமையாளர் அனுமதியோடு தனியார் தோட்டம், ஊரை ஒட்டிய தரிசு, சைக்கிள் பூங்கா இவைதான் இடம். தேயிலைத் தோட்டம் என்றால் அன்று அந்தப் பக்கம் விலங்கு நடமாட்டம் உண்டா என்று அங்குள்ள வாட்ச்மேனிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். சிங்கப்பூரில் இருந்து கேட்டவர்களுக்கும் இதே பதில்தான்: அங்குள்ள புக்கிட் தீமா மலைச் சைக்கிள் பாதை இரவில் மூடப்பட்டிருக்கும்.

"ஃபிளைட்ல கொண்டுபோகலாமா? செக்-இன் பெட்டியில போட்டா எடுத்துடுறாங்க."

தனியாக இருக்கும் லித்தியம் செல்லைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட் ஹவருக்குள் இருந்தால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. மேலே போட்ட கணக்குப்படி ஒரு 18650 வெறும் 12.6, நாலு செல் சேர்ந்த பேட்டரி சுமார் 50. ஒவ்வொரு செல்லையும் தனித்தனிப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், முனைகள் சாவியிலோ சில்லறையிலோ படக் கூடாது. விளக்கின் பொத்தானைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் செல்லைக் கழற்றி வையுங்கள்.